முறுக்கு கடிக்கிறது... எந்த வீடியோவை நம்புவது?

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தாம்மா டைம். அதுக்குள்ள இது கடிக்கிறதை நிறுத்தலைன்னா யாருக்காச்சும் கொடுத்துடு. பாட்டி வயசுக்கு இதெல்லாம் தாங்காது.”

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை ராத்திரி அப்பா சொன்னது இது. ‘இது’ என்றால் எங்கள் வீட்டு முறுக்கு. அப்போது இரண்டு மாதத்து நாட்டு நாய்க்குட்டி. வால் சுருண்டு முதுகில் உட்கார்ந்திருப்பதால் பாட்டி வைத்த பெயர் அது. தாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, சாலையோரம் தனியாகக் கத்திக்கொண்டிருந்ததை ஆபீஸ் முடிந்து வரும் வழியில் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்தேன். வந்தபோது ஒன்றரை மாதம்கூட இருக்காது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அது விளையாட்டாகப் பாட்டியின் கணுக்காலைக் கவ்வியதில் தோல் கிழிந்து ரத்தம் எட்டிப்பார்த்தது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், தடுப்பூசியின் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது மணி ஒன்பது. (குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். தோல் கிழிந்தால் 15 நிமிடம் சோப்புத் தண்ணீர், அன்றைக்கே டாக்டர். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.)

எனக்கு மிச்சமிருந்தது நான்கு நாள். போனைக் கையில் எடுத்தேன்.

ஆளுக்கொரு வைத்தியம்

‘நாய்க்குட்டி கடிக்காமல் இருக்க’ என்று தேடிப் பாருங்கள். ஒருவர் வாயை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். இன்னொருவர் பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று வைக்கச் சொல்வார். மூன்றாமவர் ‘கண்டுக்காம விட்டுடுங்க, தானா சரியாயிடும்’ என்பார். எதிர் ஃபிளாட் ஆன்ட்டி கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். பாட்டியிடம் ஏற்கெனவே ஒரு யோசனை இருந்தது: “வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போனா மூக்கை அதுலயே தேய்ச்சு விடுடி. அப்பத்தான் புத்தி வரும்.”

இத்தனைக்கும் நடுவில் ஒரு வீடியோ. கட்டுமஸ்தான ஒரு அண்ணன், நல்ல கேமரா, லட்சக்கணக்கில் வியூஸ். ‘நாய்ங்கிறது ஓநாயோட வாரிசு. வீட்டுல யாரு தலைவன்னு அதுக்குக் காட்டணும். கடிச்சா மல்லாக்கப் போட்டு, அது அடங்குற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க’ என்றார். சொன்ன விதத்தில் அவ்வளவு உறுதி. நம்பிவிட்டேன்.

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். டெஸ்க்கில் என் வேலையே, வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டு உண்மையா பொய்யா என்று இரண்டு இடத்திலாவது விசாரிப்பது. ஒரு பழைய வெள்ளப் படத்தைப் போட்டு ‘இன்றைய சென்னை’ என்றால் ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிடுவேன். வீட்டில் ஒரு உயிர் விஷயத்தில் மட்டும், வியூஸ் எண்ணிக்கையைப் பார்த்து நம்பினேன்.

வியாழக்கிழமை மூன்று தடவை முறுக்கை மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். முதலில் கத்தியது, திமிறியது, அப்புறம் அசையாமல் கிடந்தது. ‘அதுதான் சரணாகதி’ என்றார் வீடியோ அண்ணன். வெள்ளிக்கிழமை அது என்னைக் கடிக்கவேயில்லை. பலித்துவிட்டதாக நினைத்தேன்.

அன்று ராத்திரி கொண்டை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். ஹாலின் மறுமூலையில் இருந்த முறுக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, வயிறு தரையில் உரச ஊர்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. சோற்றுக்கும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் அதன் தட்டை எடுக்கக் குனிந்த பாட்டியைப் பார்த்து, முதல் தடவையாகப் பல்லைக் காட்டி உறுமியது. புதன்கிழமை கடித்தது விளையாட்டு. இது பயம். இந்தப் பயத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தது நான்.

‘சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க!’

அழுதுகொண்டேதான் கால்நடை டாக்டரிடம் போனேன். “யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?” என்றார். போனை நீட்டினேன். அவர் செய்த முதல் காரியம், சத்தத்தை அணைத்ததுதான். இருபது விநாடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப நீங்க பாருங்க. அந்த ஆளைப் பார்க்காதீங்க, நாயை மட்டும் பாருங்க.”

பார்த்தேன். காது பின்னால் ஒட்டியிருந்தது. வால் இரண்டு காலுக்கு நடுவில். சாப்பிட எதுவும் இல்லாமலே உதட்டை நக்கி நக்கி எடுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தது. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விட்டது. எல்லாமே நாயின் பாஷையில், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, விட்டுவிடு’ என்பதுதான். அண்ணனின் குரல் இருந்தவரை இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நாய் பழக்கும் எந்த வீடியோவுக்கும் இதுதான் என் முதல் சோதனை இப்போது. சத்தம் வேண்டாம், நாயை மட்டும் பார்க்க வேண்டும். வால் தளர்வாக ஆடுகிறதா, வாய் லேசாகத் திறந்திருக்கிறதா, தானாகவே அந்த ஆளிடம் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் மேற்கொண்டு பார்க்கலாம்.

ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்ததும், முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இந்தத் ‘தலைவன்’ கதையை யார் முதலில் சொன்னது என்று தேடினேன்.

1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை ஒன்றையொன்று அடக்கித்தான் ‘தலைவன்’ ஆகின்றன என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. 1970-ல் டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓநாய்கள் பற்றி எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நாய் பழக்குகிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு, 1986-லிருந்து கோடைதோறும் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய், காட்டு ஓநாய்களைப் பக்கத்தில் இருந்தே கவனித்தார் மெக். அங்கே கண்டது வேறு. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். ‘தலைவன்’ என்று நாம் நினைத்தது அப்பாவை. காட்சிசாலையில் அடித்துக்கொண்டவை, சம்பந்தமே இல்லாமல் ஒரே கூண்டில் அடைக்கப்பட்டவை. இதை 1999-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதிய மெக், தன் பழைய புத்தகத்தை இனி அச்சிடாதீர்கள் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அது நின்றது 2022-ல்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் நியூ ஸ்கீட் என்ற மடத்தின் துறவிகள் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பில் பேர் பெற்றவர்கள். குட்டியை மல்லாக்கப் போட்டு அடக்கும் முறையைப் பிரபலப்படுத்தியதில் 1978-ல் வந்த அவர்களுடைய புத்தகத்துக்கும் பங்கு உண்டு. 2002-ல் வந்த மறுபதிப்பில், அதைச் சொன்னது தவறு என்று அவர்களே நீக்கிவிட்டார்கள்.

நான் வியாழக்கிழமை செய்தது, சொன்னவர்களே எப்போதோ கைவிட்ட ஒன்று. ‘நான் முன்பு சொன்னது தப்பு’ என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. வீடியோ அண்ணனின் சேனலை முழுக்க அலசினேன். எங்கேயும் ஒரு சந்தேகமோ திருத்தமோ இல்லை.

டால்ஃபினுக்குச் சங்கிலி போட முடியுமா?

அடிக்காமல் எப்படிப் பழக்குவது என்பதற்கு எனக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்னவர் கேரன் பிரையர். 1960-களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கியவர். டால்ஃபினை அடிக்கவும் முடியாது, கழுத்தில் பட்டை மாட்டி இழுக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும். அதனால் ஒரே வழிதான்: நமக்கு வேண்டியதை அது செய்த அந்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். எதற்குப் பரிசு கிடைத்ததோ, அதை அது மறுபடி செய்யும். இதே முறை நாய்க்கும் மனிதனுக்கும் செல்லும் என்று 1984-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

விசிலுக்குப் பதில் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம்: ‘சபாஷ்.’ மீனுக்குப் பதில் பட்டாணி அளவில் வேகவைத்த கோழி, முட்டை, கேரட். சொல்லுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு விநாடிக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. (சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் இவை நாய்க்கு விஷம். பாயசத்திலிருந்து ஒரு திராட்சைகூட வேண்டாம்.)

நான் வைத்துக்கொண்டவை

நூறு சேனல் வேண்டாம். எனக்குப் போதுமானதாக இருந்தவை இவைதான்.

முதலில், இயான் டன்பார். கால்நடை மருத்துவர், நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர். ஆறு மாதம் ஆன பிறகுதான் பழக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், சின்னக் குட்டிகளுக்கென்றே கலிஃபோர்னியாவில் வகுப்பு நடத்தியவர். குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன் படிக்க ஒன்று, வந்த பின் படிக்க ஒன்று என்று அவருடைய இரண்டு சின்னப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் எளிமையான ஆங்கிலம்.

இரண்டாவது, யூடியூபில் ‘கிக்கோபப்’ சேனல். எமிலி லார்லம் நடத்துவது. அதிகம் பேசமாட்டார், செய்து காட்டுவார். சத்தத்தை அணைத்தாலும் புரியும். டாக்டரின் சோதனையில் நூற்றுக்கு நூறு.

மூன்றாவது, விலங்குகளின் நடத்தை பற்றிய அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கத்தின் அறிக்கைகள். குட்டிகளை வெளியுலகத்துக்குப் பழக்குவது பற்றி 2008-ல் ஒன்று, அடிக்காமல் பழக்குவது பற்றி 2021-ல் ஒன்று. இரண்டும் சில பக்கங்கள்தான்.

நான்காவது, ரொம்ப முக்கியமானது, ஊரில் இருக்கும் கால்நடை டாக்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இயங்குகிறது. அந்த வளாகத்து ஆஸ்பத்திரிக்குச் சென்னையில் இருப்பவர்கள் போகலாம். வீடியோவுக்கு உங்கள் குட்டியைத் தெரியாது. டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வார். திடீரென்று கடிப்பதற்கும் உறுமுவதற்கும் காது வலியோ வயிற்று வலியோகூடக் காரணமாக இருக்கலாம்.

‘இதெல்லாம் லாப்ரடாருக்குச் சரி, தெரு நாய்க்குச் சரிவருமா?’ என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது. கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, இந்தியத் தெரு நாய்களைத்தான் ஆராய்கிறது. பழக்கமில்லாத மனிதர் சாப்பாடு தருவதைவிடத் தடவிக்கொடுப்பதுதான் தெரு நாயின் நம்பிக்கையை நிலையாகச் சம்பாதிக்கிறது என்று 2017-ல் எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் முறுக்கைத் தொட எனக்கே தைரியம் வந்தது. மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாமல், தரையில் உட்கார்ந்து, அது வந்தால் மட்டும் நெஞ்சில் தடவினேன்.

டிரெயினரிடம் கேட்க வேண்டியது

‘நாய் டிரெயினர்’ என்று போர்டு மாட்ட யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அதனால் காசு கொடுக்கும் முன் நாம்தான் கேட்க வேண்டும். ஜீன் டொனால்ட்சன் என்ற பயிற்சியாளர் சொல்லித்தரும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? தப்பாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? நீங்கள் சொல்வதைவிட மென்மையான வழி ஏதும் இருக்கிறதா?

‘அதெல்லாம் எங்க டெக்னிக் மேடம், நீங்க கவலைப்படாதீங்க’ என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். ‘ரெண்டு வாரம் எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, பழக்கித் தர்றோம்’ என்பவரிடம், கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அதுவே பதில். ஷாக் கொடுக்கும் பட்டை, முள் பட்டை என்ற பேச்சு வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஷாக் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

வீட்டில் என்ன மாற்றினோம்?

கடி: குட்டி கடிப்பது குணக்கேடு இல்லை. மற்ற குட்டிகளோடு உருண்டு புரளும்போது, அழுத்திக் கடித்தால் எதிராளி கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். இவ்வளவுதான் கடிக்கலாம் என்ற அளவு அப்படித்தான் தெரியவருகிறது. முறுக்குக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. (எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. வாங்குகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அதனால் அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பல் அழுத்தினால் விளையாட்டு நின்றுவிடும். எழுந்து, திட்டாமல், அரை நிமிடம் அந்தப் பக்கம் போய்விடுவோம். திரும்பி வந்து பழைய துணிக் கயிற்றை நீட்டுவோம். அதைக் கடித்தால் சபாஷ்.

தூக்கம்: குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். எங்கள் வீட்டில் யாராவது அதைக் கொஞ்சிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் ஆறு மணிக் கடியெல்லாம் தூக்கம் கெட்ட குழந்தையின் அழுகை மாதிரிதான். அந்த நேரத்தில் தூங்கவைத்ததும் பாதிக் கடி காணாமல் போனது.

மூத்திரம்: இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் பால்கனியில் வைத்த மண் தொட்டிக்குத் தூக்கிப்போனோம். அங்கே போனால் சபாஷ். வீட்டுக்குள் போனால் சத்தமில்லாமல் துடைத்தோம். மூக்கைத் தேய்த்தால் அதற்குப் புரிவது ஒன்றுதான்: ‘இவர்கள் முன்னால் மூத்திரம் போகக் கூடாது.’ அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும்.

வெளியுலகம்: மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை, எது ஆபத்து, எது சாதாரணம் என்று குட்டியின் மனதில் பதியும் காலம். அந்தக் காலத்தில்தான் தடுப்பூசியும் முடிந்திருக்காது, பார்வோ பயத்தில் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்போம். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கையில் தூக்கியபடி காட்டினேன். தரையில் விடவில்லை. ஹெல்மெட் போட்டவர், குடை, ஆட்டோ ஹார்ன், கோயில் மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோழித் துண்டு. பட்டாசுச் சத்தத்தைப் போனில் ரொம்ப மெதுவாக வைத்து, சாப்பிடும்போது ஒலிக்கவிட்டேன். தீபாவளிக்கான ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நான்கு நாளில் எந்தக் குட்டியும் கடிப்பதை நிறுத்தாது. முறுக்கும் நிறுத்தவில்லை. அப்பாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் அமுக்கிப் பிடித்ததையும் சேர்த்து. “இன்னும் ஒரு மாசம் கொடுங்கப்பா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், பாட்டிக்குக் கணுக்கால் மறைய இரண்டு ஜோடி கெட்டி சாக்ஸ் வாங்கி வைத்திருந்தார். நான் சொன்னதிலேயே உருப்படியான யோசனை இல்லாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்!

இப்போது முறுக்குக்கு ஐந்து மாதம். போன வாரம் பெருக்கும்போது பாட்டிக்கு அதன் பால் பல் ஒன்று கிடைத்தது. மூக்கைத் தேய்க்கச் சொன்ன அதே பாட்டி, சாப்பாட்டுத் தட்டோடு நின்று “உக்காரு” என்கிறார். அது உட்கார்ந்து பார்க்கிறது. “சபாஷ்” என்று தட்டை வைக்கிறார். ஊசிக் கோர்ஸையும் முழுக்கப் போட்டு முடித்துவிட்டார்.

ஒன்று மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. இன்றைக்கும் நான் கொண்டை போடக் கையைத் தூக்கினால், முறுக்கு இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்க்கிறது. வாலை ஆட்டிக்கொண்டேதான் போகிறது, ஆனால் போகிறது. ஒரு நாளில் மூன்று தடவை செய்ததற்கு மூன்று மாதமாகப் பதில் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான் தலை பின்னிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு யாராவது ஒரு வைத்தியம் சொன்னால், செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள் மக்களே. அடுத்த வாரம் சந்திப்போம்.